கண்காட்சியை விட்டுப் போகும் கார்கள்

ஜெனீவா மோட்டார் கண்காட்சி இனி நடைபெறாது என்று 2024 மே 31 அன்று அதன் அமைப்பாளர்கள் அறிவித்தார்கள். 1905-இல் தொடங்கிய கண்காட்சி அது. உலகப் போர்க் காலங்களில் இடைநின்றபோதும் மீண்டும் எழுந்து நின்றது. 2020 பிப்ரவரி இறுதியில், தொடக்க நாளுக்குச் சில தினங்களே இருந்த நிலையில், ஆயிரம் பேருக்கு மேல் கூடக்கூடாது என்று ஸ்விட்சர்லாந்து அரசு தடை விதித்தது. அரங்குகள் பாதி எழுப்பப்பட்ட நிலையிலேயே கண்காட்சி கைவிடப்பட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளும் ஜெனீவாவில் அது நடக்கவில்லை. 2023-இல் கத்தாரின் தோஹாவுக்குப் போனது. 2024-இல் தாய்வீடு திரும்பியபோது வந்த பார்வையாளர்கள் சுமார் 1.68 லட்சம் பேர். 2019-இல் இந்த எண்ணிக்கை ஆறு லட்சத்துக்கு மேல். பெரிய ஐரோப்பிய நிறுவனங்களில் ரெனோ மட்டுமே முழு ஈடுபாட்டுடன் வந்தது. ஃபோக்ஸ்வாகன், பி.எம்.டபிள்யூ., மெர்சிடிஸ் ஆகியவை வரவில்லை. சீனத்தின் பி.ஒய்.டி. வந்திருந்தது.

ஜெனீவாவின் சிறப்பு, அது யாருடைய ஊரும் அல்ல என்பதுதான். ஸ்விட்சர்லாந்தில் பெரிய கார் நிறுவனம் ஏதும் இல்லை. பாரிஸில் பிரெஞ்சு நிறுவனங்களும், ஃபிராங்க்ஃபர்ட்டில் ஜெர்மானிய நிறுவனங்களும் வீட்டுக்காரர்களாக நடந்துகொள்ளும். ஜெனீவாவிலோ எல்லோரும் விருந்தினர்கள். டாடா நிறுவனம் 1998-இல் தன் இண்டிகாவை அங்கே கொண்டுபோய் நிறுத்தியதும், அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து அங்கே அரங்கு அமைத்ததும் இதனால்தான். 2019-இல் ஆல்ட்ரோஸ் காரை அது உலகுக்குக் காட்டியதும் ஜெனீவாவில்தான். ஜெனீவா மூடப்பட்டபோது, பாரிஸ், மியூனிக் கண்காட்சிகளுக்கு அந்தந்த நாட்டுத் தொழில் துறையின் ஆதரவு இருப்பதால் தங்களால் போட்டியிட முடியவில்லை என்று அமைப்பாளர்கள் காரணம் கூறினார்கள். பொதுவான களம்தான் முதலில் மறைந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

மற்ற கண்காட்சிகளின் நிலையும் பெரிதும் மெச்சத்தக்கதாக இல்லை. 1897-இல் பெர்லினில் ஒரு விடுதியில் எட்டு வாகனங்களுடன் தொடங்கி, 1951 முதல் ஃபிராங்க்ஃபர்ட்டில் நடந்துவந்த ஜெர்மானியக் கண்காட்சி, 2019-இல் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்து, சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் போராட்டத்தையும் சந்தித்த பின், 2021-இல் மியூனிக்குக்கு இடம்பெயர்ந்தது. பெயரிலும் 'மோட்டார்' போய் 'மொபிலிட்டி' வந்தது. டோக்கியோ கண்காட்சியும் 2023-இல் பெயரை அவ்வாறே மாற்றிக்கொண்டது. டெட்ராய்ட் கண்காட்சி ஜனவரியிலிருந்து ஜூனுக்கு மாறத் திட்டமிட்டது, நடக்கவில்லை. செப்டம்பரில் இருமுறை நடந்து, 2025-இல் மீண்டும் ஜனவரிக்கே வந்து சேர்ந்தது. பெயரையும் மாதத்தையும் மாற்றிப் பார்ப்பது, வியாபாரம் குறைந்த கடைக்காரர் வாசலைத் திசை மாற்றி வைப்பதைப் போன்றது.

ஆகவே, மோட்டார் கண்காட்சிகளின் காலம் முடிந்துவிட்டது என்று எழுதிவிடுவது எளிது. பலர் எழுதியும் விட்டார்கள். ஆனால், யாருக்கு முடிந்துவிட்டது என்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக இல்லை.

பொருளியலில் 1961-இல் ஜார்ஜ் ஸ்டிக்லர் எழுதிய ஒரு கட்டுரை, தகவலுக்கும் ஒரு விலை உண்டு என்பதை நிறுவியது. ஒரே காரை வெவ்வேறு விற்பனையாளர்கள் வெவ்வேறு விலைக்கு விற்பது ஏன் என்று அவர் ஆராய்ந்தார். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி விசாரிக்க நேரமும் பணமும் செலவாகிறது. அந்தச் செலவு எவ்வளவு கூடுகிறதோ, வாங்குபவர் அவ்வளவு குறைவாகத் தேடுவார். அந்த அளவுக்கு விலை வேறுபாடும் நீடிக்கும். ஊர்ச் சந்தையானாலும் மோட்டார் கண்காட்சியானாலும், தேடும் செலவைக் குறைப்பதற்கு மனிதன் கண்டுபிடித்த ஏற்பாடு அது. விற்பவர் எல்லோரும் ஒரே நாளில் ஒரே இடத்துக்கு வந்துவிட்டால், வாங்குபவருக்கு அலைச்சல் இல்லை. பத்து அடி நடந்தால் அடுத்த மாடு. பத்து அடி நடந்தால் அடுத்த கார்.

இங்கே ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. விற்பவர் வாங்குபவரைத் தேடவேண்டிய நிலையில் இருக்க வேண்டும். இந்தியாவில் உரிமமுறை ஆட்சி நடந்த காலத்தில் அந்த நிலை இல்லை. அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தலைமுறை இன்னும் நம்மிடையே உண்டு. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு, அது வந்து சேர்வதற்குள் பணியிட மாற்றமே இரண்டு முறை நடந்துவிட்டதாகச் சொல்லிச் சிரிப்பவர்களை எங்கள் கல்லூரி ஆசிரியர் அறையில் கண்டிருக்கிறேன். காத்திருப்போர் பட்டியல் கையில் இருக்கும் தயாரிப்பாளர் எதற்காக அரங்கு அமைத்து, விளக்கு போட்டு, வாடிக்கையாளரை வரவேற்க வேண்டும்?

தில்லி பிரகதி மைதானத்தில் முதலாவது ஆட்டோ எக்ஸ்போ 1986-இல் நடந்தது. மாருதி 800 வந்து இரண்டாண்டுகள் கடந்திருந்தன. ஜப்பானியக் கூட்டுடன் இருசக்கர வாகனங்களும் வரத் தொடங்கியிருந்தன. ஆனால், அடுத்த கண்காட்சி நடக்க ஏழு ஆண்டுகள் பிடித்தன. 1993-இல்தான் கார் உற்பத்திக்கு உரிமம் தேவை என்ற விதி நீங்கியது; இரண்டாவது கண்காட்சியும் அதே ஆண்டில் நடந்தது. இது வெறும் தற்செயல் அல்ல என்றே நினைக்கிறேன். அதன் பின் இரண்டாண்டுக்கு ஒருமுறை என்ற ஒழுங்கு வந்தது.

1998-ஆம் ஆண்டுக் கண்காட்சி இந்தியக் கார் வரலாற்றில் தனி அத்தியாயம். டாடா இண்டிகாவும், சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் உருவாகவிருந்த ஹூண்டாய் சான்ட்ரோவும் அதில்தான் மக்கள் கண்ணில் பட்டன. இரண்டும் அந்த ஆண்டு முடிவதற்குள் விற்பனைக்கு வந்துவிட்டன. மாருதியின் தனியாட்சி முடிவுக்கு வரப்போகிறது என்பதைப் புள்ளிவிவரங்கள் சொல்வதற்கு முன்பே அந்த அரங்குகள் சொல்லிவிட்டன. பத்தாண்டுகள் கழித்து, 2008 ஜனவரி 10 அன்று, ரத்தன் டாடா அதே மைதானத்தில் நானோவை ஓட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்ற செய்தி உலகின் முக்கிய நாளிதழ்கள் அனைத்திலும் இடம்பெற்றது. தில்லியில் நடந்த ஒரு கண்காட்சியை உலகமே திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

நானோவின் பிற்காலக் கதை நாம் அறிந்ததே. சிங்கூரில் நிலப் போராட்டம். 2008 அக்டோபரில் அங்கிருந்து வெளியேற்றம். குஜராத்தின் சானந்தில் புதிய ஆலை. எதிர்பார்த்த விற்பனை இன்மை. மேடையில் கிடைக்கும் கைதட்டலுக்கும் சந்தையில் கிடைக்கும் வரவேற்புக்கும் தொடர்பு இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. தயாரிப்பு நிறுவனங்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே படித்துக்கொண்டன.

படித்துக்கொண்ட இன்னொரு பாடமும் உண்டு. 2016 மார்ச் 31 அன்று டெஸ்லா நிறுவனம் எந்தக் கண்காட்சிக்கும் போகாமல், கலிஃபோர்னியாவில் தன் சொந்த இடத்தில் மாடல் 3 காரை அறிமுகம் செய்தது. ஆயிரம் டாலர் முன்பணம் கட்டி ஒரே வாரத்தில் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். கார் கைக்கு வர ஓராண்டுக்கு மேல் ஆகும் என்று தெரிந்தே கட்டினார்கள். கைப்பேசி நிறுவனங்கள் ஏற்கெனவே கண்டறிந்திருந்த உத்திதான் இது. பொதுக் கண்காட்சியில் அரங்கு அமைத்தால் அன்றைய செய்தியைப் பத்துப் போட்டியாளர்களுடன் பங்கிட வேண்டும். சொந்த மேடை என்றால் அன்றைய நாள் முழுவதும் தனக்கே.

இந்தியாவில் இதை மிகத் திறமையாகச் செய்துவருவது மஹிந்திரா. 2023 ஜனவரியில் நடந்த ஆட்டோ எக்ஸ்போவுக்கு அது தன் கார்களைக் கொண்டுவரவில்லை. அதற்கு முந்தைய ஆண்டு, சுதந்திர நாளன்று, இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் மின்சார வாகனங்களின் மாதிரிகளை வெளியிட்டது. 2023 சுதந்திர நாளுக்குத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனுக்குப் போனது. 2024 நவம்பர் 26 அன்று சென்னையில் விழா எடுத்து இரண்டு மின்சாரக் கார்களை வெளியிட்டது. அவற்றின் முன்பதிவு 2025 பிப்ரவரி 14 அன்று தொடங்கியபோது முதல் நாளிலேயே 30,000-க்கு மேல் பதிவாயின. அதற்கும் முன்பு, 2022 ஜூலையில், அதன் ஸ்கார்பியோ-என் காருக்கு அரை மணி நேரத்தில் ஒரு லட்சம் பதிவுகள் குவிந்தன. இப்படிப்பட்ட நிறுவனத்திடம் போய், கிரேட்டர் நொய்டாவில் ஓர் அரங்கு எடுங்கள் என்றால் அது ஏன் கேட்கப்போகிறது?

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, நிசான், மெர்சிடிஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி ஆகியவையும் அந்த 2023 கண்காட்சிக்கு வரவில்லை. தொற்றுநோயின் தாக்கம் என்று மட்டும் இதற்குக் காரணம் சொல்ல முடியாது. 2018-லேயே ஃபோக்ஸ்வாகன், ஃபோர்டு, நிசான் போன்றவை விலகிவிட்டன. கண்காட்சி 2014-இல் பிரகதி மைதானத்தை விட்டு, தில்லியின் மையத்திலிருந்து ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவிலுள்ள கிரேட்டர் நொய்டாவுக்குப் போனதையும் சிலர் காரணமாகக் கூறுவர். அது ஓரளவுக்குத்தான் உண்மை. மனம் இருந்தால் நாற்பது கிலோமீட்டர் பெரிய தொலைவல்ல.

உண்மையான காரணம், ஆட்டக் கோட்பாட்டில் மாணவர்களுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரும் கைதியின் சங்கடம். ஒவ்வொரு நிறுவனமும் கண்காட்சிக்குப் பல கோடி செலவிட்டது, அதனால் பெரும் பயன் உண்டு என்பதால் மட்டுமல்ல. போட்டியாளர் இருக்கும் இடத்தில் தான் இல்லாவிட்டால் சந்தேகம் எழும் என்பதாலும்தான். 'இந்த நிறுவனத்துக்கு என்ன ஆயிற்று?' என்ற கேள்விக்கு அஞ்சி எல்லோரும் வந்தார்கள். எல்லோரும் வந்ததால் யாருக்கும் தனிச் சிறப்பு இல்லை. அமெரிக்காவில் 1971-இல் சிகரெட்டுக்கான தொலைக்காட்சி விளம்பரம் தடை செய்யப்பட்டது. நிறுவனங்கள் நொடித்துப்போகும் என்று பலர் எண்ணினார்கள். விளம்பரச் செலவு மிச்சமாகி, லாபம்தான் கூடியது. ஒவ்வொருவரும் தனியாக விடமுடியாத பழக்கத்தை, சட்டம் எல்லோரையும் ஒரே நேரத்தில் விடவைத்தது. 2020-இல் கொரோனா கார் நிறுவனங்களுக்கு அதைத்தான் செய்தது. ஒரே நேரத்தில் எல்லோருக்கும் விடுப்பு கிடைத்தது. யார் வரவில்லை என்ற கேள்வியே எழவில்லை.

இங்கேதான் நிறுவனங்கள் தவறான முடிவுக்கு வந்தன என்று எனக்குத் தோன்றுகிறது. 2021, 2022 ஆண்டுகளில் கண்காட்சிகள் இல்லாமலேயே கார்கள் விற்றன. பல நிறுவனங்கள் முன்னெப்போதும் இல்லாத லாபம் ஈட்டின. இதிலிருந்து கண்காட்சி தேவையற்றது என்று முடிவு கட்டுவது, மழைக்காலத்தில் கிணற்று நீரை அளந்துவிட்டு ஏரி தேவையில்லை என்று சொல்வதற்கு ஒப்பானது. அந்த இரண்டாண்டுகளிலும் உலகெங்கும் சிப் தட்டுப்பாடு நிலவியது. தயாரிக்க முடிந்ததைவிட வாங்க விரும்பியவர்கள் அதிகம். தள்ளுபடி மறைந்தது, காத்திருப்போர் பட்டியல் திரும்பியது. நம்மிடம் 1970-களில் அம்பாசிடர் விற்ற அதே நிலைமை, சிறிது காலத்துக்கு உலகம் முழுவதும் நிலவியது. காத்திருப்போர் பட்டியல் உள்ள இடத்தில் கண்காட்சிக்கு வேலை இருக்காது என்பதுதான் அந்த ஆண்டுகள் நிரூபித்தவை. கண்காட்சிக்கு எப்போதுமே வேலை இல்லை என்பதை அல்ல.

தட்டுப்பாடு நீங்கியதும் என்ன நடந்தது என்பதைப் பாரிஸில் பார்க்கலாம். 2022-இல் அங்கே வந்தவர்கள் நான்கு லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. 2024 அக்டோபரில் ஐந்து லட்சத்தைத் தாண்டினார்கள். 2018-இல் வந்த பத்து லட்சத்துக்கு இது ஈடாகாது. எனினும் சரிவு நின்றது. வராமல் இருந்த ஃபோக்ஸ்வாகனும் பி.எம்.டபிள்யூ.வும் வந்தன. பி.ஒய்.டி., எக்ஸ்பெங், லீப்மோட்டார் என்று சீன நிறுவனங்கள் வரிசை கட்டி நின்றன. சீன மின்சாரக் கார்கள் மீது கூடுதல் வரி விதிப்பதற்கான முன்மொழிவு ஐரோப்பிய ஒன்றியத்தில் வாக்கெடுப்பைத் தாண்டி பத்து நாள்கள்தான் ஆகியிருந்தன. வரிச்சுவர் எழுப்பப்படும் அதே வாரங்களில் விருந்தாளியாக வந்து அரங்கு அமைப்பதற்குக் காரணம் இல்லாமலா இருக்கும்?

அந்தக் காரணத்தை மைக்கேல் ஸ்பென்ஸின் சமிக்ஞைக் கோட்பாடு விளக்கும். தரத்தை நேரடியாக அறிய முடியாத இடத்தில், போலிகளால் எளிதில் செய்ய முடியாத ஒரு செலவைச் செய்து காட்டுவதன் மூலம் ஒருவர் தன்னை நம்பவைக்கிறார். பெயர் நிலைத்த நிறுவனத்துக்கு இந்தச் சமிக்ஞை தேவைப்படாது. பெயர் அறியப்படாதவருக்கே தேவை. ஆகையால்தான் கண்காட்சிகளில் பழையவர்கள் குறையக் குறையப் புதியவர்கள் கூடுகிறார்கள். 2018-ஆம் ஆண்டு ஆட்டோ எக்ஸ்போவில் ஃபோக்ஸ்வாகனும் ஃபோர்டும் இல்லாத இடத்தில் கியா நின்றது. இந்தியாவில் அப்போது அதற்கு ஒரு விற்பனைக் கூடம்கூட இல்லை. ஆந்திரத்தின் அனந்தபூர் மாவட்டத்தில் ஆலை எழும்பிக்கொண்டிருந்தது. அங்கே மாதிரியாகக் காட்டிய வண்டி 2019 ஆகஸ்டில் செல்டோஸ் என்ற பெயரில் விற்பனைக்கு வந்து வெற்றி பெற்றது.

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு. 2018 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில், கால்பந்து வீரர் டேவிட் பெக்காமை மேடைக்கு அழைத்துவந்து, அது தன்னை உலகுக்கு அறிமுகப்படுத்திக்கொண்டது. அதுவரை வியட்நாமுக்கு வெளியே அதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் அரிது. 2025 ஜனவரியில் தில்லியில் நடந்த பாரத் மொபிலிட்டி கண்காட்சியில் இந்திய வாடிக்கையாளர் முன் வந்து நின்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று தூத்துக்குடியில் அதன் ஆலை திறக்கப்பட்டது. உப்பளங்களின் ஊரில் கார் ஆலை என்பதை நம்பத் தயங்கியவர்களுக்கு, காரைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பை முதலில் தந்தது கண்காட்சிதான்.

சமிக்ஞை பொய்த்துப் போவதும் உண்டு. 2020 பிப்ரவரி ஆட்டோ எக்ஸ்போவில் சீனத்தின் கிரேட் வால் நிறுவனம் பெரிய அரங்கு எடுத்தது. நூறு கோடி டாலர் முதலீடு என்றது. மகாராஷ்டிரத்தின் தளேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க ஒப்பந்தமும் செய்திருந்தது. அடுத்த சில மாதங்களில் அண்டை நாட்டு முதலீடுகளுக்கு அரசு முன் அனுமதி கட்டாயமானது; கல்வான் மோதல் நிகழ்ந்தது; அனுமதி கிடைக்காமலேயே 2022-இல் ஒப்பந்தம் காலாவதியானது. அந்த ஆலை இறுதியில் ஹூண்டாயிடம் போனது. அரங்கின் பரப்பளவை வைத்து நிறுவனத்தின் உறுதியை மட்டுமே எடைபோட முடியும். எல்லையில் நடப்பதை அல்ல.

தயாரிப்பாளர்களுக்குக் கண்காட்சியால் இன்னும் ஒரு பயன் உண்டு. அதைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. போட்டியாளரின் காரைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுதான் அது. 2023 ஏப்ரலில் ஷாங்காய் கண்காட்சி நடந்தபோது, தொற்றுநோய்க் கட்டுப்பாடுகள் நீங்கிய பின் மேலை நாட்டு நிர்வாகிகள் முதன்முறையாகப் பெருமளவில் சீனத்துக்குச் சென்றார்கள். மூன்றாண்டுகள் கணினித் திரையில் பார்த்த கார்களின் கதவைத் திறந்து, இருக்கையில் அமர்ந்து, மென்பொருளை இயக்கிப் பார்த்தபோதுதான் தாங்கள் எவ்வளவு பின்தங்கிவிட்டோம் என்பது பலருக்கு உறைத்தது. சில மாதங்களுக்குள் ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்பெங்கில் பங்கு வாங்கியது. ஸ்டெல்லான்டிஸ் லீப்மோட்டாரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை வாங்கியது. ஒரு கண்காட்சியால்தான் இவை நடந்தன என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால், அறிக்கைகளைப் படித்து மட்டும் எந்த நிர்வாகியும் பதறியதாகத் தெரியவில்லை.

சரி, கார் பிரியர்களின் நிலை என்ன? அவர்களுக்கு இன்று வேறு கோயில்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் குட்வுட்டில் 1993 முதல் நடக்கும் வேகத் திருவிழாவில், கார்களை அரங்கில் நிறுத்துவதில்லை, குன்றின் மேல் ஓட்டிக் காட்டுகிறார்கள். எஞ்சின் ஓசையையும் டயர் வாசனையையும் தேடுபவருக்கு, கம்பளம் விரித்த அரங்கில் நிற்கும் வண்டி பிணத்துக்குச் சமம். நம் சென்னையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும், ஓசூரைச் சேர்ந்த டி.வி.எஸ்.ஸும் தத்தம் ரசிகர்களுக்கென்று கோவாவில் தனித் திருவிழாவே நடத்துகின்றன. (தமிழ்நாட்டு நிறுவனங்கள் இரண்டும் கடற்கரைக்காக அவ்வளவு தூரம் போகவேண்டுமா என்பது வேறு கேள்வி.) ரசிகர்களுக்கு இது போதும். அவர்களைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

என் கவலை, ரசிகரல்லாத சாதாரண வாங்குநரைப் பற்றியது. வீட்டுக்கு அடுத்தபடியாக நடுத்தரக் குடும்பம் செய்யும் பெரிய செலவு கார்தான். அந்தக் குடும்பம் இன்று எப்படி முடிவெடுக்கிறது? நிறுவனத்தின் சொந்த விழாவை நேரலையில் பார்க்கிறது. அந்த விழாவுக்கு நிறுவனமே அழைத்துச் சென்ற யூடியூபர்களின் காணொளிகளைப் பார்க்கிறது. பிறகு, விற்பனைக் கூடத்தில் மேல்நிலை வகையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கீழ்நிலை வகைக்குப் பணம் கட்டுகிறது. ஆறு காற்றுப்பைகளும் கண்ணாடிக் கூரையும் உள்ள வண்டி கூடத்தில் நிற்கும். வீட்டுக்கு வருவது வேறு. நேரலையில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. பக்கத்து அரங்கும் இல்லை. இதே விலைக்கு இன்னொருவர் என்ன தருகிறார் என்று பத்து அடி நடந்து பார்க்க வழியில்லை. தகவல் பெருகியிருக்கிறது; ஆனால், அதன் பெரும்பகுதி விற்பவர் ஊட்டுவது. ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து விளக்கியதும் ஏறத்தாழ இந்தச் சிக்கலைத்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையே கெட்டுப்போகும்.

பொது இடத்தில் வாடிக்கையாளருக்கு ஒரு குரலும் உண்டு. 2021 ஏப்ரலில் ஷாங்காய் கண்காட்சியில் ஒரு பெண், டெஸ்லா அரங்கில் நின்ற காரின் கூரை மீது ஏறி, தன் காரின் பிரேக் வேலை செய்யவில்லை என்று கூச்சலிட்டார். நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. அவர் மீது வழக்கும் தொடுத்தது. அவர் சொன்னது சரியா என்பது இங்கே நம் கேள்வி அல்ல. அழைப்பிதழ் உள்ளவர்கள் மட்டும் அமரும் தனி விழாவில் அப்படி ஒரு குரல் எழவே முடியாது என்பதைக் குறித்துக்கொண்டால் போதும்.

இந்தியாவில் இப்போது இந்த விவாதத்துக்குப் புதிய கோணம் ஒன்று சேர்ந்திருக்கிறது. வாகன உற்பத்தியாளர் சங்கங்களும் தொழில் கூட்டமைப்பும் நடத்திவந்த ஆட்டோ எக்ஸ்போ, பாரத் மொபிலிட்டி என்ற குடையின்கீழ் வந்துவிட்டது. மத்திய வர்த்தக அமைச்சகம் அதற்குத் துணை நிற்கிறது; 2025 ஜனவரியில் பிரதமர் தொடங்கிவைத்தார். பாரத் மண்டபம், துவாரகாவின் யசோபூமி, கிரேட்டர் நொய்டா என்று மூன்று இடங்களில் அது பரந்து நடந்தது. அரசு அழைத்தால் நிறுவனங்கள் வரத்தான் செய்யும். மஹிந்திரா வந்தது, ஜெர்மானிய சொகுசுக் கார் நிறுவனங்களும் வந்தன. மாருதி தன் முதல் மின்சாரக் காரைக் காட்டியது. ஹூண்டாய் மின்சார கிரெட்டாவின் விலையை அங்கேயே அறிவித்தது. கூட்டத்துக்கும் குறைவில்லை.

அரசின் பெயரும் வளமும் பயன்படும்போது, வாங்குபவரின் சார்பில் சில நிபந்தனைகளை விதிக்கும் உரிமை அரசுக்கு உண்டு. மேடையில் எதை வேண்டுமானாலும் சுழலவிடட்டும். விற்பனையில் உள்ள ஒவ்வொரு மாடலின் மிகக் குறைந்த விலை வகையும் அரங்கில் நிற்கவேண்டும் என்று விதித்தால் என்ன? காப்பீடு, சாலை வரி சேர்த்த முழு விலையை அட்டையில் எழுதி வைக்கச் சொல்லலாம். பாரத் என்கேப் என்னும் மோதல் சோதனை 2023 அக்டோபர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆயினும், அது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததே. சோதிக்கப்பட்ட கார் எத்தனை நட்சத்திரம் பெற்றது, சோதனைக்கே அனுப்பப்படாத கார் எது என்ற பலகை ஒவ்வொரு வண்டியின் முன்னும் இருக்கட்டும். மின்சாரக் காரென்றால், ஒரு முறை மின்னேற்றினால் நம் ஊர் வெயிலில், குளிர்சாதனம் ஓடும்போது எத்தனை கிலோமீட்டர் போகும் என்பதைக் கண்காட்சி வளாகத்துக்கு வெளியே ஓட்டிக் காட்டட்டும். இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. அரங்கு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தில் நான்கு வரிகள் சேர்த்தால் போதும். நிறுவனங்கள் முணுமுணுக்கும். சில வராமலும் போகலாம். அப்படி வராதவை எவை என்று தெரிந்துகொள்வதும் வாங்குபவருக்குப் பயனுள்ள தகவல்தான்.

உதிரிபாகக் கண்காட்சி வேறு வகை. பிரேக் வட்டும் பேட்டரிப் பெட்டியும் செய்யும் சிறு நிறுவனத்துக்குச் சொந்த விழா எடுக்க வசதி இல்லை. நேரலை நடத்தினாலும் பார்ப்பதற்கு ஆள் இல்லை. எஞ்சினுக்கான பாகங்களைச் செய்துவந்த கோவை, ஓசூர், அம்பத்தூர்ப் பட்டறைகள் பலவும், மின்சாரக் கார்களால் தங்கள் பொருளுக்குத் தேவை குறையப்போகிறது என்பதை உணர்ந்து, புதிய வாடிக்கையாளர்களைத் தேடிக்கொண்டிருக்கின்றன. அவர்களுக்கு ஒரு கூரையின்கீழ் பத்துக் கொள்முதல் அதிகாரிகளைச் சந்திக்கும் வாய்ப்பு, ஓராண்டு அலைச்சலை மிச்சப்படுத்தும். பிரமுகர்கள் வரும் நாளில் தொலைக்காட்சிக் கேமராக்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. ஆனால், கண்காட்சிகளில் உண்மையான வியாபாரம் நடப்பது பெரும்பாலும் இந்தப் பக்கம்தான்.

ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் கார் தயாராகும் சென்னையில் ஏன் இப்படி ஒரு பெரிய கண்காட்சி இல்லை என்று நண்பர்கள் அவ்வப்போது கேட்பதுண்டு. கார்களுக்கு இல்லை; ஆனால், இயந்திரங்களுக்கு இருக்கிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இரண்டாண்டுக்கு ஒருமுறை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடத்தும் அக்மீ கண்காட்சியில், திரைக்கு உள்ளே வண்டியை மறைத்து வைத்து இசையுடன் திறக்கும் வழக்கம் இல்லை. இயந்திரத்தை ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். வெட்டி எடுத்த துண்டைக் கையில் வாங்கி அளந்து பார்க்கிறார்கள். பிறகு, எதிர் அரங்குக்குப் போய் அதே வேலையை அங்கும் செய்துகாட்டச் சொல்கிறார்கள். தில்லிக் கண்காட்சியை நடத்துவோர் அடுத்த முறை அரங்கு வரைபடம் போடுவதற்கு முன்னால், ஒருநாள் நந்தம்பாக்கம் வந்து பார்த்துவிட்டுப் போகலாம்.